குருவிநத்தத்தில் தீவனக் குழி திறந்த நாள்

யுத்தம் வந்தபின் வில்லியனூரில் புண்ணாக்கு கிடைப்பது அரிதாகிவிட்டது. என் இரண்டு பசுக்களும் வற்றத் தொடங்கின. குருவிநத்தத்தில் சவரிநாதன் என்ற ரசாயன ஆராய்ச்சியாளர், வயலில் வீணாகக் கிடக்கும் கரும்புத் தோகையைத் தீவனமாக்குகிறார் என்று கேள்விப்பட்டு, மாசி மாதத்தில் ஒருநாள் புறப்பட்டேன்.

விடியற்காலையில் மாட்டுவண்டி ஏறினால் பாகூரை உச்சிவேளைக்குள் பிடிக்கலாம். இரண்டும் பிரெஞ்சு ஊர்கள்தான் என்றாலும் நடுவில் பிரிட்டிஷ் எல்லை குறுக்கிடுகிறது. சுங்கச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். குருவிநத்தம் அதற்குப் பக்கத்து ஊர். பாகூர் ஏரிக்கரையில் வண்டிக்காரர் ஒருவரிடம் சவரிநாதன் வீட்டை விசாரித்தேன்.

"மாட்டைக் கொன்ன முசே வூடுன்னு கேளுங்க. யாரும் காட்டுவாங்க."

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பட்டப்பெயர் உண்மைதான். போன வருஷம் தோகையைப் புதைத்த குழிக்குள் மழைநீர் இறங்கிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. அது தெரியாமல் போட்டதில் அவர் வீட்டுப் பசு செத்துப்போனது. அதன்பின் ஊரில் யாரும் சோதனைக்கு மாடு தரவில்லை. இந்த முறை அவர் மனைவி தெரேசம்மாளின் புதுப் பசுதான் பாக்கி.

நான் போனபோது குழியின் மண்மூடியை வெட்டிக்கொண்டிருந்தார். நறுக்கிய தோகையை வெல்லப்பாகுத் தண்ணீர் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி இரண்டு மாதம் வைத்திருந்தாராம். மேலே ஓர் அடுக்கு வெளுத்திருந்தது. அதை அள்ளித் தூர எறிந்தார். அடியில் பழுப்பு நிறம். புளித்த கள்ளின் வாசனை.

தெரேசம்மாள் கொட்டில் வாசலில் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"இதுவும் செத்துச்சின்னா?"

"சாவாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது தெரேசு. நீ வேணாம்னா மூடிடறேன்."

அவள் கயிற்றைக் கொட்டில் தூணில் கட்டினாள். பிறகு தோகை அள்ளிய கூடையை அவர் கையிலிருந்து வாங்கி, முகர்ந்து பார்த்து, தானே தொட்டியில் கொட்டினாள். பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொஞ்சம் தவிடு தூவினாள். தின்றது.

அதன்பின் மூவரும் உட்கார்ந்திருந்தோம். சவரிநாதன் அடிக்கடி எழுந்துபோய், உப்புசம் கண்டிருக்கிறதா என்று பசுவின் இடப்பக்க வயிற்றைத் தட்டிப் பார்த்தார். வெயில் தாழ்ந்ததும் பசு படுத்து அசைபோடத் தொடங்கியது. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அழுதாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

"நாளைக்கும் இதையே வெக்கட்டா?" என்றாள் அவள்.

"பாதி வை. மீதி வைக்கோல்."

போக நினைப்பவர்களுக்கு: கரும்பு வெட்டும் காலத்தில் போங்கள், குழி போடுவதையும் பார்க்கலாம். பூஞ்சை வெளுப்பு கண்டால் இரக்கமில்லாமல் எறியுங்கள். திரும்பி வந்ததும் நானும் கொல்லையில் ஒரு குழி வெட்டியிருக்கிறேன். எந்தப் பசுவுக்கு முதலில் போடுவது என்று என் மனைவியிடம் இன்னும் பேசவில்லை.