மூன்றாம் பாட்டில் காணாமல் போன குழல்

அவளுடைய பெயர் வானொலி நிலையத்தில் யாருக்கும் நினைவில்லை. கத்தரி என்றால் தெரியும். சின்னவர்கள் மரியாதையாக "அக்கா" சேர்த்து, அவசரத்தில் கத்தரிக்கா ஆக்கிவிடுவார்கள். காய்கறி ஆனதில் அவளுக்கு வருத்தமில்லை.

வேலையே வெட்டுவதுதான். பெரிய பெரிய நடிகர்களும் பாடகர்களும் வந்து, தங்கள் உயிருக்குயிரான பழைய இசைத்தட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதில் பாதி "அது வந்து", "என்ன சொல்றது", இருமல், எச்சில் விழுங்கல். அத்தனையையும் கணினியில் நறுக்கி எடுத்தால்தான் பிரபலம் புத்திசாலியாக வெளியே போவார். முன்பு தையல் கடையில் இருந்தவள் என்பதால் வெட்டியதைத் தூக்கி எறிய மனம் வராது. பதினோரு வருட மிச்சங்களை 'துண்டுத்துணி' என்று ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறாள். வீட்டில் புருஷன் "அது வந்து..." என்று இழுத்தாலும் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டுவாள். மனுஷன் இப்போதெல்லாம் தந்தி அடிப்பது போலத்தான் பேசுகிறார்.

அவள் சட்டம் இதுதான்: இரண்டு வினாடிக்கு மேல் மௌனம் கூடாது, தப்பு வெளியே போகக் கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, முந்தைய நாள் டிரம்மர் பேசியதை வெட்ட உட்கார்ந்தாள். தாளத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர். சின்ன வயதில் கேட்ட தட்டின் மூன்றாம் பாட்டை அவர் முணுமுணுத்துக் காட்டியிருந்தார். நடுவில் தாளத்தில் நாலு எண்ணிக்கையைக் காணோம். வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போய்விட்டார். பேச்சுக்கு நடுவே மூன்று முறை முணுமுணுத்தார். மூன்று முறையும் அதே இடத்தில் அதே தாண்டல்.

தயாரிப்பாளர் பதறினார். "ஆறு மணிக்குப் போகணும். அந்த முணுமுணுப்பத் தூக்கிடு. இவரே தாளம் தப்பினார்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். அவர் மானம் போயிடும்."

தூக்க ஒரு நொடி போதும். கை போகவில்லை. தடுமாறுகிறவன் தினுசு தினுசாகத் தடுமாறுவான். இதென்ன, அளவெடுத்துத் தைத்த தடுமாற்றம்? மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நிலையத்தின் தட்டு அறையைக் குடைந்து, அதே இசைத்தட்டை எடுத்து ஓடவிட்டாள். தாண்டல் இல்லை. அந்த நாலு எண்ணிக்கையில் சின்னதாக ஒரு குழல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

டிரம்மருக்குப் போன் போட்டாள்.

"சார், மூணாவது பாட்டுல குழல் வருதே..."

"குழலா? அந்தப் பாட்டுல குழலே கிடையாது. ஆயிரம் தடவ கேட்டவன் நான். எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"நான் வெட்டுறவ சார், பாடம் எடுக்கிறவ இல்ல. வந்து கேட்டுட்டுத் திட்டுங்க."

திட்டத்தான் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "மைக் ஓடுது சார்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டாள். மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவர் விரல், குழல் வந்ததும் நின்றது. உட்கார்ந்தார்.

ஒன்பது வினாடி பேச்சே இல்லை.

"கரண்டி," என்றார். "தட்டு புதுசா வீட்டுக்கு வந்த அன்னைக்கு. மொதத் தடவ போட்டோம். எனக்கு ஆறு வயசு. பிளேயர் மூடியில கரண்டியால தாளம் போட்டேன். முள்ளு இழுத்துக்கிட்டுப் போயி கீறல் விழுந்துருச்சு. யார்னு அப்பா கேட்டாரு. நான் அக்காவக் கை காட்டிட்டேன். முதுகுல நல்லா வாங்கினா. அப்புறம் எங்க வீட்ல அந்தப் பாட்டு தாண்டித் தாண்டியே பாடுச்சு. பாட்டே அப்படித்தான்னு நெனச்சுட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "இத வெட்டிடுங்கம்மா."

"அக்கா இருக்காங்களா?"

"இருக்கா. உங்க நிகழ்ச்சின்னா அடுப்ப அணைச்சுட்டு உக்காந்துடுவா."

"நீங்களே நேர்ல சொல்லிடுவீங்களா?"

நாடே கைதட்டுகிற மனுஷன் தலையைச் சொறிந்தார். "நேர்ல வாய் வராதும்மா. வெட்ட வேணாம். போட்டுடுங்க."

ஆறு மணிக்குப் போனது. முணுமுணுப்பு, தாண்டல், குழல், மூக்கு உறிஞ்சல், எல்லாம். அவர் கதையில் கத்தரி வெட்டியது ஒரே வாக்கியம்: "இத வெட்டிடுங்கம்மா." அது துண்டுத்துணிக்குப் போயிற்று. ஒன்பது வினாடி மௌனம் வந்தபோது, நிலையமே செத்துப்போச்சு என்று தயாரிப்பாளர் ஒயர்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்த கையோடு தொலைபேசி அடித்தது. எடுத்த தயாரிப்பாளர், "உனக்குத்தான்" என்று அவளிடம் நீட்டிவிட்டுக் கழன்றுகொண்டார்.

"அந்தக் குழலப் போட்டது நீங்கதானா? நான் அவனோட அக்கா."

"சொல்லுங்கம்மா."

"அவன்தான்னு எனக்குத் தெரியாதாக்கும்? கரண்டி அவன் கையிலதான இருந்துச்சு! அந்தத் தடிப்பயல நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல்லிக் கவனிச்சுக்கறேன். நான் கூப்பிட்டது அதுக்கில்ல. அது வந்து..."

கத்தரியின் விரல்கள் அசையவில்லை.

"அது வந்து... அந்தக் குழல நானும் இன்னைக்குத்தான் மொதல்ல கேட்டேன். இன்னொரு தடவ போடறீங்களா?"

இசைத்தட்டு இன்னும் பிளேயரில்தான் இருந்தது. கத்தரி முள்ளை மூன்றாம் பாட்டில் வைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கி பக்கம் நீட்டிப் பிடித்தாள்.