கால் எட்டாத நாற்காலி

என் வீட்டுக்காரர் செல்போனைப் பார்த்துத் தச்சு வேலை கற்றுக்கொண்டார். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. நேரில் சிரித்ததில்லை. அவர் எதிரே நின்று சிரிக்கவோ நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவோ எனக்குப் பழக்கம் இல்லை. சொல்ல வேண்டியதை மகனிடம் சொல்வேன், மகன் அவரிடம் சொல்வான்.

வயதுக் காலமெல்லாம் ரிக் வண்டியோடு வடக்கே போய் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். உடம்பு தளர்ந்ததும் வண்டியைப் பங்காளி கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தார். வந்த சூட்டில் கறவை எருமையை வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்தார். அது நின்ற சாளையைக் கழுவிச் சிமெண்டு பூசி, மரம் அறுக்கிற மிஷினைக் கொண்டுவந்து வைத்தார். பாலுக்குக் கடைப் பாக்கெட். சாணி மணந்த இடத்தில் வார்னிஷ் நாற்றம்.

முதலில் சாமி அலமாரி செய்தார். அதன் கதவு இன்றுவரை சாத்தவில்லை, பல்லி போய் வருகிறது. அடுத்து ஒரு முக்காலி. அதில் குடத்தை வைத்தால் குடம்தான் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று தோன்றும். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் சாளைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கறிச்சோறு தின்ற வாய் வேறென்ன சொல்லும், பிரமாதம் என்றுதான் சொன்னார்கள். அவரும் அதை நம்பினார்.

இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை. நாற்காலி அப்படியில்லை. அதில் என் சின்ன மகனுடைய கல்யாணம் தொங்கியது.

எங்கள் பக்கத்தில் பையன்களுக்குப் பெண் கிடைப்பது லேசில் இல்லை. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தே மகனுக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. ஒரு தரம் ஒரு இடம் கிட்டத்தட்ட முடிகிற மாதிரி இருந்தது. பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். எனக்கு முட்டி வலி, பாயில் உட்கார்ந்தால் தானாக எழ வராது. அதனால் பெண்கள் இருந்த அறையில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். காப்பித் தட்டத்தை நீட்டச் சாய்ந்தபோது சேரின் கால்கள் அகன்றுபோய், நான் தரையில் கிடந்தேன். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். மாமியார் நடமாட மாட்டாள், எங்கள் பெண் வந்து தூக்கி உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்று தரகர் மூலம் பதில் வந்தது. அத்தோடு அந்த இடம் போயிற்று. மகன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட மனசு ஆறியிருக்கும்.

அப்புறம் குமாரபாளையம் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. அவர்களும் வீடு பார்க்க வருவதாக நாள் சொன்னார்கள். இந்தத் தரம் நான் திடமாக ஒன்றில் உட்கார வேண்டும், ஒருவர் கையும் படாமல் எழ வேண்டும். அவ்வளவுதான் வேண்டியது. ஒரு நல்ல சேர் வாங்கிவிடலாம் என்றான் மகன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தச்சுப்பட்டறை இருக்கிற வீட்டில் எவனாவது சேர் வாங்குவானா, அம்மாளுக்கு மாடர்ன் சேராக நானே செய்கிறேன் என்றார்.

ஈரோட்டிலிருந்து வெளுத்த பலகைகள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கின. எங்கள் வேலியோரம் வெட்டிப் போட்ட வேம்பு காய்ந்து கிடந்தது. அது இதற்கு ஆகாதாம்.

அளவு எடுத்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்து, தன் காலிலேயே டேப் வைத்துக் குதிகாலிலிருந்து முட்டி வரை அளந்தார். தொடையை அளந்தார். காதில் செருகிய பென்சிலை எடுத்துப் பலகையில் எழுதினார். அவர் பனைமரம் மாதிரி நெடுநெடு என்று இருப்பவர். நான் நிமிர்ந்து நின்றாலும் அவர் நெஞ்சுக்குத்தான் வருவேன்.

கூப்பிட்டு என்னை அளந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் வாசலில் வைத்துப் பெண்டாட்டி காலை அளக்கிற ஆம்பளை இன்னும் பிறக்கவில்லை. பிறந்து வந்து டேப்பை நீட்டினாலும் நான் காலை நீட்ட மாட்டேன். அது மட்டுமில்லை. அவர் எதிரில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. அவர் வந்தால் எழுந்துவிடுவேன். பேரன் பேத்தி எடுத்த பிறகும் என் கால் எவ்வளவு நீளம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

நாற்காலி முடிந்தது. பொய் சொல்லக் கூடாது, பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. முதுகு சற்றே சாய்ந்து, அகலமான இரண்டு கைகள், ஒல்லியான கால்கள். இந்தத் தரம் ஆடவும் இல்லை. அவர் சாளையில் இல்லாத நேரம் பார்த்து ஏறி உட்கார்ந்தேன். ஏறித்தான் உட்கார வேண்டியிருந்தது. இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. பள்ளிக்கூடத்துப் பெஞ்சியில் உட்கார்ந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. இறங்குகையில் குதிக்க வேண்டும், இந்த முட்டியோடு குதித்தால் நேரே பெண்ணின் அம்மா மடியில்தான் போய் விழுவேன்.

மகனிடம் சொன்னேன். அம்மாளுக்குக் கால் எட்டவில்லையாம் என்று அவன் போய்ச் சொன்னான். எனக்கும் கேட்கட்டும் என்றே சாளையிலிருந்து சத்தமாகப் பதில் வந்தது.

"உலகம் பூரா இதாண்டா அளவு. அவளுக்குக் கால் எட்டுலீன்னா அதுக்குச் சேர் என்ன பண்ணும்?"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உலகம் பூரா ஆம்பளைகளே உட்கார்ந்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அப்பனும் மகனும் பலகாரம் வாங்கத் திருச்செங்கோடு போனார்கள். வண்டிச் சத்தம் அடங்கியதும் சீமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினேன். திட்டில் உட்கார்ந்து குதிகாலிலிருந்து முட்டிக்கு அடி வரை வைத்து ஒடித்தேன். நாற்காலியைக் கவிழ்த்து, அந்த அளவுக்கு மேல் எவ்வளவு மிச்சமோ அதைக் கரித்துண்டால் நாலு காலிலும் கோடு போட்டேன். சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்தேன். மரம் முருங்கைக் கொம்பு மாதிரி லேசாகத்தான் அறுபட்டது. ஆனால் கடைசிக் காலில் கை நழுவிக் கோணலாகப் போய்விட்டது. நிமிர்த்தி வைத்தால் ஒரு பக்கம் டக்கென்று ஆடியது. ஆடினால் ஆடட்டும். உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கைப்பிடியை அழுத்தினேன், எழ முடிந்தது. மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

அறுத்த துண்டுகளை வெளி அடுப்பில் வைத்து அவர் குளிக்கத் தண்ணீர் காய்ச்சினேன். நன்றாக எரிந்தன.

குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவர் நாற்காலியைப் பார்த்துவிட்டார். சுற்றி வந்தார். உட்கார்ந்து பார்த்தார். முட்டி இரண்டும் நெஞ்சுக்கு ஏறின.

"யாரு கை வெச்சது?"

மகன் என்னைப் பார்த்தான். எனக்காக எடுத்துச் சொல்ல அப்போது ஆள் தேவைப்படவில்லை.

"நாந்தானுங்க. எனக்குக் கால் எட்டோணுமுங்க."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். ராத்திரிச் சோறு வேண்டாம் என்றார். நானும் இன்னொரு தரம் கூப்பிடவில்லை.

மறுநாள் வந்தார்கள். பெண்ணின் பெரியம்மாதான் அந்த வீட்டுக்குப் பேசுகிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது. அந்த அம்மாள் கண் என் முட்டியை விட்டு நகரவில்லை. முந்தின சம்பந்தம் போன கதை காதுக்குப் போயிருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பலகாரத் தட்டம் வந்ததும் எழுந்து, நானே வாங்கி, ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாற்காலி டக்கென்றது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கிளம்பும்போது நானே எழுந்து குங்குமம் கொடுத்தேன்.

பெரியம்மா நாற்காலிக் கையைத் தடவிப் பார்த்தார். "நல்லாருக்குதுங்கக்கா. எங்க வாங்குனீங்க?"

நான் வாய் திறக்குமுன் ஆண்கள் உட்கார்ந்திருந்த ஆசாரத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"வாங்குலீங்க, நானே செஞ்சதுங்க. இப்ப வார மாடர்ன் சேரெல்லாம் இப்பிடித் தாழ்வாத்தானுங்க இருக்கும்."

அப்படிங்களா என்று அந்த அம்மாள் வியந்தார். வழியனுப்ப வாசலில் நின்ற மகன் குனிந்து செருப்பைத் தேடினான், அது காலில்தான் இருந்தது. நான் குங்குமச் சிமிழை மூடினேன். ராத்திரி பட்டினி கிடந்து யோசித்துக் கண்டுபிடித்தது இதுதான் போலிருக்கிறது.

இடம் முடிந்துவிட்டது. மாமியா திடமாத்தான் இருக்கறாங்க என்று அங்கே பேச்சாம், தரகர் சொன்னார். மருமகள் வந்ததும் உட்கார வேண்டுமே என்று அவர் இப்போது சாளையில் இன்னும் சில நாற்காலிகள் செய்கிறார். நேற்றும் தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்து தன் காலைத்தான் அளந்துகொண்டிருந்தார். வருகிற பெண் என் உயரம்தான் இருப்பாள். ரம்பம் அதே சுவரில்தான் மாட்டியிருக்கிறது.