வேர்வையும் தண்ணீர்தானாம்

நீங்கள் பொய் சொன்னீர்கள். தம்பின் டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் உங்களைத்தான் சொல்கிறேன். என் கைப்பேசியை நான் தண்ணீரில் போட்டேன் என்று நீங்கள் சொன்னது பொய். அது பொய் என்று உங்களுக்கும் தெரியும்.

நான் செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிப்பவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு லாரி ஏறினால், இறங்கியதும் முதுகில் பம்பு ஏறிவிடும். முழுக்கைச் சட்டை, அதன் மேல் ஏப்ரன், முழங்கால் வரை பூட்ஸ், வாயை மூடித் துணி. பத்து மணிக்குள் சட்டையைப் பிழிந்தால் சொட்டும். அப்போதுதான் பசியாற உட்காருவோம். என் மகள் ஜொகூரில் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளுக்கும் அதே நேரத்தில்தான் ஓய்வு. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவோம். நான் என் சாப்பாட்டு மங்கைத் திறந்து காட்டுவேன், அவள் தன் தட்டைக் காட்டுவாள். "இன்னிக்கும் நெத்திலியா?" என்பாள். "ஒனக்கு மட்டும் என்னவாம், மீ கோரிங்தானே?" என்பேன். பத்து நிமிடம்தான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் போன பிறகு நான் ஒருத்தி. அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் அன்றைக்கு நான் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் வைத்திருந்த கைப்பேசியை நான் துணியோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். சட்டைப் பையில் இருந்ததைப் பார்க்காமல் மெஷினில் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. யார் மேலும் பழி போடவில்லை.

அதனால்தான் விடுமுறைக்கு வந்த மகள் புதிது வாங்கித் தர உங்கள் கடைக்கு அழைத்து வந்தாள். துவைத்த கதையையும் அவளே உங்களிடம் சொன்னாள். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அவள் காசு கட்டிவிட்டு மோட்டாரை எடுக்க வெளியே போனாள். அப்போதுதான் நீங்கள் மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் பையை எடுத்தீர்கள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், வாயை அழுத்தினால் மூடிக்கொள்ளும், கழுத்தில் மாட்ட நீலக் கயிறு.

"அக்கா, எஸ்டேட்டுலதான வேல? இதுலயே வச்சு சட்டைக்குள்ள போட்டுக்குங்க. மழ பேஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுலா."

நீங்களே கைப்பேசியை உள்ளே வைத்தீர்கள். நீங்களே என் கழுத்தில் மாட்டினீர்கள். உங்கள் கடைப் பையன்களில் யாரோ படம் பிடித்தார். "சிரிங்கக்கா. பல்லு தெரியாட்டியும் பரவால்ல, போனு தெரிஞ்சா போதும்," என்றீர்கள். நல்ல மனிதர் என்று நினைத்து, அப்போதே பையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒரு நாள்கூடப் பையை விட்டு வெளியே வைத்து வேலை செய்யவில்லை. நாலாவது மாதம், ஒரு நாள் பசியாறும் நேரத்தில், மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் பச்சைக் கோடு ஒன்று விழுந்தது. பிறகு அவள் முகம் பாதி போனது. பிறகு முழுதும் கறுத்துவிட்டது.

ஓய்வு நாளில் எடுத்து வந்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் சிம் வைக்கும் இடத்தைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தாள். உள்ளே சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது, ஈரம் பட்டால் வெள்ளை சிவப்பாகுமாம். சிவந்திருந்தது. வாரண்டிப் பாரத்தாளில் இரண்டு வார்த்தை எழுதினாள்: மாசோக் ஆயிர். தண்ணீர் புகுந்தது என்று பொருள். மனிதரைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னால் மூளை கலங்கியவர் என்று பொருள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது நீங்கள் வந்தீர்கள். வாங்கிய அன்று அக்காவாக இருந்த நான் அன்று மேடம் ஆகிவிட்டேன்.

"தண்ணி பூந்துருச்சு மேடம். வாரண்டி செல்லாது."

"தண்ணியே படல. நீங்க குடுத்த பையிலதான் இருந்துச்சு."

"நாங்க பை கிய்யெல்லாம் குடுக்கறதில்ல மேடம். பாசார்ல எங்கயாச்சும் வாங்கிருப்பீங்க." பிறகு வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்: "முன்னயே ஒரு போன தொவச்சவங்கதான நீங்க?"

வரிசை சிரித்தது. என் மகள் நம்பிச் சொன்ன கதையை எடுத்து என்னையே அடித்தீர்கள். நான் பாரத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அது கூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரியின் கைப்பேசியில் மகளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "அம்மா, நெஜத்த சொல்லு. மறுபடியும் தொவச்சிட்டியா?"

"இல்லடி."

"நா ஏச மாட்டேன். சும்மா சொல்லு."

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். நான் பொய் சொல்கிறேன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டாள்.

மறுநாள் காட்டில் என்னோடு மருந்து அடிக்கும் பெண் பாரத்தை வாங்கிப் படித்தாள். "மாசோக் ஆயிர்னு எழுதிருக்கே, போனுக்கா ஒனக்கா?" என்றாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வரை சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. "ரெண்டு பேருக்குந்தான், போ," என்றேன். ஆனால் பம்பைத் தூக்கி முதுகில் போட்டபோது ஒன்று தோன்றியது. தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை என்றால் உள்ளேயே உண்டானதா?

அடுத்த நாள் அந்தப் பைக்குள் காய்ந்த பேப்பர்த் துண்டு ஒன்றை வைத்து, வாயை அழுத்தி மூடி, வழக்கம் போல் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். பசியாற உட்கார்ந்தபோது எடுத்துப் பார்த்தேன். பையின் உள்பக்கம் பொடிப் பொடியாக நீர் கோத்திருந்தது. பேப்பர் ஈரம். வாய் ஓரத்தில் நடுவே சரியாக மூடாத இடம் ஒன்று இருந்தது. உடம்புச் சூட்டிலும் வேர்வையிலும் அதற்குள் ஆவி கட்டியிருக்கிறது. நீங்கள் பாதுகாப்பு என்று கொடுத்த பைதான் என் கைப்பேசியைக் கொன்றிருக்கிறது.

அந்தப் பையையும் பேப்பரையும் எடுத்துக்கொண்டு மறுபடி வந்தேன். நடந்ததைச் சொன்னேன். சண்டை போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். நீங்கள் பையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வேர்வையும் தண்ணிதான் மேடம்," என்றீர்கள்.

பதினெட்டு வருடம் வேர்வையில் நனைந்தவளிடம் அதைச் சொன்னீர்கள்.

அதை மகளிடம் அப்படியே சொன்னேன். பேப்பர் வைத்துப் பார்த்ததையும் சொன்னேன். "அப்ப அந்தப் பைய நெஜமாவே அவருதான் குடுத்தாரா? அவரு சொன்ன மாதிரி நீ பாசார்ல வாங்குனன்னு நெனச்சேன்," என்றாள். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டாள். கால் மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரியின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது.

அன்று கடையில் எடுத்த படம்தான். உங்கள் கடையின் முகநூல் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சியான வாடிக்கையாளர் என்று எழுதி. நான் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கழுத்தில் நீலக் கயிறு. பையின் வாயை ஒரு கை அழுத்தி மூடுகிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரான நீங்கள் பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கிறீர்கள்.

மகள் மறுபடி கூப்பிட்டாள். "ஒன்ன நம்பலம்மா நானு. தப்புத்தான்," என்றாள். "சரி, விடு. சாப்டியா?" என்றேன். எனக்கு வேண்டியது அன்றே கிடைத்துவிட்டது.

உங்களுக்கும் எனக்கும் உள்ளது மட்டும் பாக்கி. அந்தப் படத்தின் கீழ் என் மகள் கேள்வி எழுதினாள். ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டீர்கள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தீர்கள். படத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள், நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதால். இருக்கட்டும். எங்களிடமும் இருக்கிறது.

இலவசமாகப் புதுக் கைப்பேசி கேட்கவில்லை. பாரத்தில் இருக்கும் அந்த இரண்டு வார்த்தையை அடித்துவிட்டுப் பழுது பார்த்துக் கொடுங்கள். அதற்கு முன், கடைக்குள் கூப்பிட்டு மெதுவாகப் பேச வேண்டாம். துவைத்த கதையை வரிசைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள் இல்லையா? அதே மாதிரி, எல்லாரும் பார்க்கிற அந்தப் படத்தின் கீழேயே எழுதுங்கள். என் கழுத்தில் அந்தப் பையை மாட்டிய கை யாருடையது?