அந்தச் சக்கரவர்த்தி யார் என்று கேட்டார்கள்

சீனாவை நான் தேர்ந்தெடுத்ததே பயத்தினால்தான். நாடகப் போட்டிக்கு மாணவிகளை வைத்து ஒரு சரித்திர நாடகம் போடவேண்டும், நீங்கள்தான் எழுதித் தரவேண்டும் என்று பாடசாலை அதிபர் கேட்டபோது, எங்கள் பக்கத்து அரசர் எவரையும் தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்தேன். வன்னியில் ஓர் அரசனை மேடையில் ஏற்றினால், அவன் என்ன நிற உடுப்புப் போட்டிருக்கிறான், எந்தக் கொடியைப் பிடித்திருக்கிறான், எப்படிச் சாகிறான் என்று பார்ப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஆகவே எவருக்கும் சம்பந்தமில்லாத தூரத்தில், ஒருகாலமும் இருந்திராத ஒரு சீனப் பேரரசை உண்டாக்கினேன்.

அப்போது வட்டக்கச்சிப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். போர் முடிந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. தம்பி வெளிநாட்டில். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

நாடகத்தின் கதை இதுதான். கிழட்டுச் சக்கரவர்த்தி படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். இளைய மகாராணிக்குத் தன் கைக்குழந்தையைச் சிம்மாசனத்தில் வைக்க ஆசை. மூத்தவளின் மகனான இளவரசன் வடக்கு எல்லையில் படையோடு நிற்கிறான். அரண்மனையில் கடிதம் எழுதுகிற எழுத்தன் ஒருவன் இருக்கிறான். இளவரசனுக்குப் போகிற கடிதங்களின் பிரதியைத் தன்னிடம் தரும்படி மகாராணி அவனுக்குக் கட்டளையிடுகிறாள். மகாராணியின் அறையில் பேசுவதையெல்லாம் எழுதி அனுப்பும்படி இளவரசனின் தூதன் இரகசியமாக வந்து கேட்கிறான். எழுத்தன் இரண்டு பேருக்கும் சரி என்கிறான். மூன்றாம் காட்சியில், நினைவிழந்து கிடப்பதாக எல்லோரும் நம்பிய சக்கரவர்த்தி கண்ணைத் திறந்து, “நீ யாருடைய ஆள்?” என்று அவனைக் கேட்கிறார். அவன் என்ன பதில் சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தோடு நிறுத்தி வைத்திருந்தேன்.

பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டவர் சங்கீத ரீச்சர். முரசுமோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பாடசாலையில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி அவர்தான். சாப்பாட்டுப் பெட்டியைக்கூடப் பாதிப்பாதியாகத்தான் சாப்பிடுவோம். அவருடைய கணவர் போர் முடிந்தபின் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்தவர். வயல் செய்துகொண்டிருந்தார். மாதம் ஒருமுறை இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும்.

ஒருநாள் மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அதிபரே வகுப்பு வாசலுக்கு வந்தார். சேர்ட் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது.

“ரீச்சர், ஒருக்கா ஒபிசுக்கு வாங்கோ. ரெண்டு பேர் வந்திருக்கினம்.”

சாதாரண உடுப்பில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். யார் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புலனாய்வுக்காரர் என்பது அந்த நாட்களில் கேட்காமலே தெரியும். மேசையில் என் நாடகத்தின் போட்டோகொப்பி கிடந்தது. என் கையெழுத்து எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

வயதில் மூத்தவர்தான் பேசினார். மரியாதையாகப் பேசினார்.

“இந்தச் சக்கரவர்த்தி யார், ரீச்சர்?”

“சீனாச் சக்கரவர்த்தி, சேர். கற்பனை.”

“கற்பனை எண்டாலும் ஒராளை நினைச்சுத்தானே எழுதுறது.”

“நான் ஒருத்தரையும் நினைக்கேல்லை, சேர்.”

அவர் தாள்களைப் புரட்டினார். “இளவரசன் வடக்கில படையோட நிக்கிறான் எண்டு போட்டிருக்கு. ஏன் வடக்கு?”

“சீனாவில எதிரி வாற எல்லை வடக்கிலதான், சேர். பெருஞ்சுவரும் அங்கதான் கிடக்கு.”

வகுப்பில் இருபது தரமாவது சொல்லியிருப்பேன் இதை. அன்று என் குரல் எனக்கே கேட்கவில்லை. இளையவர் அதை ஒரு சின்னக் கொப்பியில் எழுதினார். சுவரை எழுதினாரா, வடக்கை எழுதினாரா என்று தெரியவில்லை.

பிறகு தம்பி எந்த நாட்டில் என்று கேட்டார்கள். சொன்னேன்.

“அப்ப பகலில அம்மா வீட்டில தனியத்தானே?”

“ஓம், சேர்.”

அதிபரை வெளியே நிற்கச் சொன்னார்கள். மூத்தவர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, சங்கீத ரீச்சரின் கணவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் எங்கே போகிறார், வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று அறிய விரும்பினார்.

“நீங்கள் அவவோட நல்ல சிநேகிதம்தானே. கதைக்கேக்க காதில விழுறதைச் சொன்னால் காணும். நாங்கள் கிழமைக்கு ஒருக்கா போன் எடுப்பம். நாடகத்திலயும் பிரச்சினை வராது.”

நான் “ஓம்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்த அறையை விட்டு வெளியே போவதற்கு வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.

அன்று பின்னேரம் சைக்கிள் பூட்டுக்குள் திறப்பு நுழைய மறுத்தது. வாய்க்கால் வீதியால் வரும்போது பின்னால் கேட்ட ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் ஓரமாக இறங்கி நின்றேன். வீட்டில் அம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தா. “ஆரும் வந்தவையோ?” என்று கேட்டேன். “ஆர் வாறது?” என்றா. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டேன். அம்மாவும் பயப்படத் தொடங்கிவிட்டா.

அந்த நாடகக் கொப்பி மூன்று பேரிடம்தான் இருந்தது. என்னிடம், அதிபரிடம், சங்கீத ரீச்சரிடம். சாப்பிடும்போது அவருடைய கைகளைப் பார்ப்பேன். பிறகு அதிபரின் வியர்வையை நினைப்பேன். இருவரில் எவரையும் என்னால் முழுதாகச் சந்தேகிக்க முடியவில்லை, நம்பவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்டதும் போன் வரும். முதல் இரண்டு முறையும் “ஒண்டும் இல்லை, சேர்” என்று சமாளித்தேன். மூன்றாவது கிழமை சங்கீத ரீச்சர், கணவர் கொக்கிளாய்க்குப் போயிருக்கிறார், அவருடைய மச்சானின் போட் எஞ்சின் பழுதாம், திருத்திக் கொடுத்துவிட்டு வருவார் என்று சொன்னார். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

“ரெண்டு கிழமையா ஒண்டும் இல்லை. இப்பவும் இல்லையோ? சிநேகிதக்காரர் கதைக்காமலே இருக்கிறவை?”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அம்மா சுகமா இருக்கிறாவோ?”

“அவர் கொக்கிளாய்க்குப் போயிருக்கிறார் போல, சேர்,” என்றேன். “போட் எஞ்சின் திருத்த.”

எஞ்சின் திருத்துவதில் என்ன குற்றம், ஊரெல்லாம் தெரிந்த விசயம்தானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். போனை வைத்தபின் ஒரு மணித்தியாலம் உடம்பு இலேசாக இருந்தது. அம்மாவோடு சிரித்துக்கூடப் பேசினேன். அந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை சங்கீத ரீச்சர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வீங்கிய கண்களோடு வந்தார். சங்கீத அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கூப்பிட்டுக் காலையிலிருந்து பொழுதுபடும்வரை வைத்திருந்திருக்கிறார்கள். சொல்லாமல் ஏன் கடற்கரைக்குப் போனாய், யாருடைய போட், அது எங்கே போகிற போட் என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

“அடிச்சவையோ?”

“இல்லை. கேட்டவை, அவ்வளவுதான். வீட்ட வந்து இன்னும் ஒரு வாய் சாப்பிடேல்லை மனுசன்.” அவர் என் முகத்தைப் பார்த்தார். “கொக்கிளாய்க்குப் போனது ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. நான் உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான்.”

ஆர்மோனியப் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வாய் வேறு விதமாகப் பேசியது.

“நான்தான் சொன்னனான்.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகப் பாயில் இருந்தார்.

“உங்கட நாடகக் கொப்பியை அவையிட்டக் குடுத்தது நான்தான்,” என்றார்.

அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்கு ஒரு மாதத்துக்கு முன்பே. பாடசாலையில் நடப்பது எதையாவது கொண்டுவா, கணவர் மாதாமாதம் வந்து கையெழுத்து வைப்பது கெதியில் முடியும் என்றிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கும் போன் வந்துகொண்டிருந்திருக்கிறது.

“எதையாவது குடுக்கவேணும் ரீச்சர். சீனாக் கதைதானே, இதில என்ன வரப்போகுது எண்டு நினைச்சன்.”

நான் எஞ்சினைப் பற்றி நினைத்ததையே அவர் என் கதையைப் பற்றி நினைத்திருந்தார். இருவருக்கும் அழுகை வந்தது. ஒருவரை ஒருவர் தொடவில்லை. மணி அடித்தது, அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவரே என்னிடம் வந்தார். “இனி ரெண்டு பேரும் கதைச்சுப்போட்டு ஒண்டையே சொல்லுவம்,” என்றார். அதற்குப்பின் வியாழக்கிழமைகளில் பாட்டுப் பழக்குவதாகச் சொல்லி அந்த அறையில் கூடுவோம். வெள்ளிக்கிழமைக்கான செய்தியை அங்கே தயாரித்தோம். நெல்லுக்குப் பூச்சி விழுந்தது, மாமியாருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்தது, என் அம்மாவின் பிரசர். சொற்களைக்கூட ஒன்றாக இருக்காமல் மாற்றிப் பாடமாக்கினோம். அப்படியும் வெள்ளிக்கிழமை போனை வைத்தபின் ஒரு கேள்வி எனக்குள் எழும்: பேசி வைத்ததைத்தான் அவர் சொல்கிறாரா, கூடவும் சொல்கிறாரா? என்னைப் பற்றி அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

நாடகம் மேடையேறியது. அதிபர் கேட்டுக்கொண்டபடி வடக்கு எல்லையை மேற்கு எல்லையாக மாற்றினேன். எழுத்தன் பதில் சொல்ல வாயெடுக்கும்போதே சக்கரவர்த்தி இறந்துவிடுவதாக முடித்தேன். பிள்ளைகள் பழைய சேலைகளில் நீளக் கை வைத்துத் தைத்துப் போட்டிருந்தார்கள். எழுத்தனாக நடித்த பிள்ளை நன்றாக நடித்தாள். கிளிநொச்சி மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் அந்த இருவரும் இருந்தார்கள். மூத்தவர் கைதட்டினார். பிள்ளைகளைப் போனில் படமும் எடுத்தார். நான் திரைக்குப் பின்னால் நின்று, அவர் எந்த வசனத்துக்கு அசைகிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் இடம் கிடைத்தது. முடிவு பலவீனம் என்று நடுவர் ஒருவர் சொன்னாராம்.

சில மாதங்களில் போன் வருவது நின்றது. அந்த மூத்தவருக்கு இடமாற்றம் என்று அதிபர் சொன்னார். ஏன் தொடங்கியது என்று சொல்லாதது போலவே, முடிந்தது என்றும் எவரும் சொல்லவில்லை. சங்கீத ரீச்சர் வவுனியாவுக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போனார். இப்போதும் நல்லநாள் பெருநாளுக்குக் கதைப்போம். அவர் பிள்ளைகளின் படிப்பைச் சொல்வார், நான் அம்மாவின் கால்நோவைச் சொல்வேன்.

சென்ற மாதம் அங்கே அவர்கள் கட்டிய புது வீட்டின் குடிபூரலுக்குப் போனேன். கணவர்தான் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார், பயணம் எப்படி என்று விசாரித்தார். அவருக்குத் தெரியுமா என்று அந்த முகத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. புறப்படும்போது சங்கீத ரீச்சர் வாசல்வரை வந்து என் கையைப் பிடித்து, “அடிக்கடி வாங்கோ” என்றார். கையைக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், நடுத்தர வயதுள்ள ஒருவர் பக்கத்து ஆசனத்தில் வந்து இருந்தார். என் சேலையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, “ரீச்சரோ? எந்தப் பள்ளிக்கூடம்?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் வேறொரு பாடசாலையின் பெயரைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கிளிநொச்சி வரும்வரை, அவர் உண்மையில் நித்திரைதானா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.