படப்பு நின்ற இடத்தில் ஒரு வகுப்பறை

நான் தலைமையாசிரியையாக இருக்கிற தொடக்கப் பள்ளி, தென்காசியிலிருந்து சுரண்டை போகும் சாலையில் இறங்கி, வயல் ஓரமாகக் கொஞ்சம் நடந்தால் வரும். வீடு மேலகரத்தில். தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். நான் பொறுப்பேற்றபோது அங்கே ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு அறைகள்தான் இருந்தன. ஒன்றும் இரண்டும் ஓர் அறையில், நாலும் ஐந்தும் இன்னோர் அறையில். மூன்றாம் வகுப்புக்கு இடம் வராந்தா.

வெயில் காலத்தில் வராந்தா ஒன்றும் மோசமில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்து, குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால்தான் சங்கடம். ஊருக்கெல்லாம் சாரல் என்றால் கொண்டாட்டம். எங்கள் மூன்றாம் வகுப்புக்கு அது ஓயாத இடமாற்றம். மேற்கேயிருந்து காற்று தூறலை அள்ளிக்கொண்டு வந்து வராந்தாவுக்குள் வீசும். பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டுவார்கள். இன்னும் பலமாக அடித்தால், நான் நாலும் ஐந்தும் எடுக்கிற அறைக்குள் வந்து நெருக்கி உட்காருவார்கள். அன்றைக்கு மூன்று வகுப்புக்குமே பாடம் கிடையாது.

அப்படி ஒரு சாரல் வாரத்தில் ஒரு பெண் பள்ளிக்கு வந்தாள். பீடி சுற்றுகிறவள். கணவர் புனலூரில் கட்டட வேலையில் இருந்தார். மூன்றாம் வகுப்பிலிருந்த அவள் மகள் காய்ச்சலில் மூன்று நாளாக வரவில்லை. வராந்தாவில் நின்று, ஈரமாகிக் கிடந்த பாயைப் பார்த்தாள்.

"டீச்சர், எம் புள்ளய நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேனா, குத்தாலத்துக்கு அனுப்புனேனா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "நான் எழுதிப் போடாத ஆபீஸ் கிடையாதும்மா" என்றேன்.

"எழுதிப் போட்டா நனையாதா?"

அவள் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. நான் எழுதித்தான் போட்டிருந்தேன். எழுதிப் போட்டதோடு என் கடமை முடிந்தது என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அந்த நிம்மதி போய்விட்டது. இந்தப் பள்ளியைவிட்டு மாறுதலாகிப் போவதற்குள் அறையைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். எப்படி என்று அப்போது தெரியாது.

அடுத்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரிலிருந்து தலைவி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வழக்கமாக யாராவது ஒருவர் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடும். அந்தத் தடவை நான் அவளைத் தேடிப் போய்க் கேட்டேன். பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்தாள்.

"எனக்கு எழுத்து வேலை வராது டீச்சர். சத்தம் போடத்தான் வரும்."

"எழுத்து வேலைய நான் பார்த்துக்கிடுதேன்" என்றேன்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளரைக் கூட்டிவர நானும் தலைவியும் நான்கைந்து தடவை போக வேண்டியிருந்தது. வந்தவர் இளைஞர், நல்ல மாதிரி. முதலில் மாடியில் கட்டலாம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மூலையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"மேல ஏத்த முடியாது மேடம். அஸ்திவாரம் தாங்காது. பக்கத்துலதான் கட்டணும்."

பக்கம் என்றால் தெற்கே மட்டும்தான் இடம் இருந்தது. ஆனால் அங்கே ஒரு பெரிய வைக்கோல் படப்பு நின்றது. பள்ளிக்குப் பின்னால் வயலும் தென்னந்தோப்பும் உள்ள ஒரு பெரியவருடையது அது. போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் அப்பா காலத்திலிருந்து ஒவ்வொரு அறுப்புக்கும் வைக்கோல் அங்கேதான் ஏறும். அது பள்ளி நிலம் என்பதையே ஊர் மறந்துவிட்டிருந்தது.

பொறியாளர் வரைபடம் போட்டுக்கொண்டு வந்தபோது ஜன்னல்கள் மேற்குச் சுவரில் இருந்தன.

"இது எல்லா ஸ்கூலுக்கும் ஒரே டிசைன் மேடம். மாத்தினா மேல கேள்வி கேப்பாங்க."

நான் அவரைச் சாரலில் வராந்தாவின் மேற்கு ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "இங்கன கொஞ்ச நேரம் நில்லுங்க சார்" என்றேன். சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்த பிறகு அவரே சிரித்துவிட்டார். அடுத்து வந்த வரைபடத்தில் மேற்குச் சுவர் ஜன்னலில்லாமல் மூடியிருந்தது. கிழக்கில் மூன்று ஜன்னல்கள் இருந்தன.

ஊர் மக்கள் ஒரு பங்கு பணத்தை முன்கூட்டியே கட்டினால், மீதியை அரசு போடும் என்று ஒரு வழி இருப்பதையும் அவர்தான் சொன்னார். ஆக, எங்களுக்கு வேண்டியது இரண்டு. படப்பு நகர வேண்டும், ஊர் பணம் போட வேண்டும்.

நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். படப்பைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"அது எங்க படப்பு நிக்குத எடம் டீச்சர்."

"பள்ளிக்கூடத்து இடம் அண்ணாச்சி."

"நான் இல்லன்னு சொல்லலியே. பாப்போம்."

மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் காபி, மூன்று தடவையும் "பாப்போம்". தலைவிக்குப் பொறுமை போய்விட்டது. "சர்வேயரக் கூப்பிட்டு அளந்துருவோம் டீச்சர். அவரு போலீசுன்னா நமக்கென்ன?" என்றாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. மனு கொடுத்தோம். சர்வேயர் வந்தார். சங்கிலியைப் பிடித்து அளப்பதைப் பார்க்கப் பாதி ஊர் கூடிவிட்டது. கல் நட்டபோது அது படப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. இடம் பள்ளிக்கூடத்தினுடையதுதான். தலைவி கைதட்டினாள். அண்ணாச்சி தோப்பு வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். படப்பும் நகரவில்லை. அவரைக் கட்டாயப்படுத்தி எடுக்கவைக்கச் சட்டப்படி முடியும். ஆனால் பணம் ஊரிலிருந்து வர வேண்டும். ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிப்பது அவர் தலைமையில்தான். அவர் வாயைத் திறக்காத காரியத்துக்கு யாரும் கையை நீட்ட மாட்டார்கள். அளந்து இடத்தை ஜெயித்து, பணத்தைத் தோற்றிருந்தோம்.

இருந்தாலும் நாங்கள் வீடு வீடாகப் போனோம். பள்ளி விட்ட பிறகு நானும் தலைவியும், சில நாள் எங்கள் மூன்றாம் வகுப்பு ஆசிரியையும். பீடி சுற்றும் பெண்கள் முதலில் கொடுத்தார்கள். ராணுவத்தில் இருக்கிற ஒருவர் லீவில் வந்திருந்தார், மனைவி முறைக்க முறைக்கக் கொடுத்தார். பல வீடுகளில் ஒரே பதில்தான். "கவர்மெண்டு வேலைல்லா இது? அண்ணாச்சி என்ன சொல்லுதாவ?"

ஒரு வீட்டில் எங்களை உட்காரவைத்து, மகனைத் தென்காசியில் இங்கிலீஷ் மீடியத்துக்கு வேனில் அனுப்புவதைப் பற்றி வெகுநேரம் சொன்னார்கள். "ஒங்க பள்ளிக்கூடத்துல ரூம் இல்லாமதான் டீச்சர் அங்கன போட்டோம்" என்றார்கள். "ரூம் கட்டத்தான் வந்துருக்கோம்" என்றேன். சிரித்து மழுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் தலைவி தெருவிலேயே நின்று அவர்களுக்குக் கேட்கிற மாதிரி என்னென்னவோ சொன்னாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல செய்தி வந்தது. எங்கள் ஊரில் பிறந்து வெளியூரில் தொழில் செய்கிற ஒருவர் குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறார், பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறார் என்று. அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனோம். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். முழுத் தொகையையும் தானே தருவதாகச் சொன்னார். தலைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஆனா மேடம், உள்ளே ஒரு ரூம் கட்டினா ரோட்டுல போறவன் கண்ணுக்குத் தெரியாதே. முகப்புல பெரிசா ஒரு ஆர்ச் கட்டிடுவோம். அப்பா அம்மா பேரு போட்டு. லைட்டெல்லாம் வச்சு."

"ரூம் சார்?"

"ஆர்ச் முடியட்டும். அப்புறம் பாப்போம்."

எனக்கு அந்தப் "பாப்போம்" பழகிப்போயிருந்தது. வளைவுக்குக் கீழே பிள்ளைகளை உட்காரவைக்க முடியாது, வகுப்பறை என்றால் பெயர்ப்பலகை வைக்கிறோம், வளைவு வேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நானாவது மரியாதையாகச் சொன்னேன். தலைவி எழுந்து நின்று, "எங்க புள்ளைங்க என்ன ஊர்வலமா போவுதுங்க, வளைவு வைக்க?" என்று கேட்டுவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளே, "சாப்பாட்டுல கைய வச்சிட்டு எழுப்புனமாதிரி இருக்கு டீச்சர். ஆனா நாம சொன்னது சரிதான்" என்றாள்.

பங்குனியில் கொடைக்கு ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதற்கு ஆண்கள்தான் போவார்கள். பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, போனதுமில்லை. நாங்கள் இரண்டு பேரும் போய் கோயில் கொட்டகையின் ஓரத்தில் நின்றோம். கேட்க வேண்டியதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வரி எவ்வளவு, மேளம் எந்த ஊர், பாட்டுக் கச்சேரிக்கு எந்தக் குழு என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கச்சேரி என்றதும் நான் முன்னால் போனேன்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம். இந்த வருஷம் மட்டும் கச்சேரிய விட்டுட்டு, அந்தப் பணத்தப் பள்ளிக்கூடத்து ரூமுக்குத் தரணும்னு கேக்க வந்திருக்கோம்."

இளவட்டங்கள் சத்தம் போட்டார்கள். "கச்சேரி இல்லாம கொடையா?" "பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்லே!"

அண்ணாச்சி கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"டீச்சர், எடம் பள்ளிக்கூடத்துதுன்னு எனக்குத் தெரியாதா? நானும் அங்கன படிச்சவன்தான். ஊரே பாக்க அளந்து கல்லு நட்டீங்க. திருடன்கிட்ட பறிமுதல் பண்ணுத மாதிரி. முப்பது வருசம் நான் பார்த்த வேலைய எனக்கே பார்த்துட்டீங்க."

"மூணு தடவை வீட்டுக்கு வந்து கேட்டேன் அண்ணாச்சி. முடியாதுன்னு சொல்லியிருந்தா வேற வழி யோசிச்சிருப்பேன். பாப்போம்னீங்க. சாரல் பாக்காதுல்லா?"

நான் சொன்னது அதிகமோ என்று பயந்தேன். ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ள மனசில்லை. அவர் மனத்தை நோகடித்ததற்கு வருத்தம் தெரிவிக்கலாம், அளந்ததற்குத் தெரிவிக்க மாட்டேன் என்று எனக்குள் உறுதியாக இருந்தது. அதையே சொன்னேன்.

"ஒங்க மனசு நோக அளக்கல அண்ணாச்சி. நொந்திருந்தா மன்னிச்சுக்கிடுங்க. ஆனா அந்த எடம் புள்ளைங்களுக்கு வேணும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு பொதுவாகச் சொன்னார்: "மேளம் இருக்கட்டும், கரகம் இருக்கட்டும். கச்சேரி வேண்டாம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

ஆட்சேபணை நிறைய இருந்தது. முகங்களில் தெரிந்தது. ஆனால் அவருக்கு எதிரே வாயைத் திறக்க ஆளில்லை. ஒரு பையன் மட்டும், "அடுத்த வருசம் ரெண்டு கச்சேரி வைக்கணும்" என்றான். "வைப்போம்லே, உக்காரு" என்றார் அண்ணாச்சி.

மறு வாரம் நான் பஸ் இறங்கி வரும்போது படப்பின் மேல் நாலு பேர் நின்று வைக்கோலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கைலியை மடித்துக்கட்டிக் கீழே டிராக்டர் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும், "எங்க தோப்புக்குள்ள எலி தொல்ல, டீச்சர். படப்பு அங்கன போனா நாசமாப் போவும்" என்றார். குறைப்பட்டுக்கொண்டேதான் எடுத்தார். நன்றி சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார். பழைய பேச்சு எங்களுக்குள் திரும்பி வரவில்லை. மரியாதை மட்டும் திரும்பியது. அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர்ப் பங்கைக் கட்டினோம். அரசுப் பங்கு வரத் தாமதமானது. அஸ்திவாரம் போட்டு, சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்து, அப்படியே நின்றுவிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க உள்ளே தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்துக்கொண்டு நின்றது. "டீச்சர் கட்டுன குளம்" என்று கேலி பேசினார்கள். நானும் தலைவியும் மறுபடி அலுவலகத்துக்கு நடந்தோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அவள் பீடி சுற்ற ஆரம்பித்ததும் ஒரு அதிகாரி எழுந்து வந்து, இங்கே அதெல்லாம் கூடாது என்றார். "எங்க காயிதம் நகருத வரைக்கும் எனக்கும் பொழுது போவணும்லா சார்?" என்றாள். காகிதம் அந்த வாரம் நகர்ந்தது. அவள் பேச்சாலா, தானாக நகர வேண்டிய நேரமா என்று தெரியாது.

கூரை கான்கிரீட் போடுகிற அன்று கணவரைப் புனலூரிலிருந்து வரச்சொல்லிவிட்டாள். அவரும் அவரோடு வேலை செய்கிற இரண்டு பேரும் கூலி வாங்காமல் சட்டி தூக்கினார்கள். முன்பக்கம் உட்காரும் திண்டுக்கும், படியில்லாமல் ஏறும் சாய்தளத்துக்கும் சேர்த்துப் பணம் பற்றவில்லை. திண்டை விட்டுவிட்டு, சாய்தளத்தை வைத்துக்கொண்டோம். நாலாம் வகுப்பில் காலுக்கு இரும்புக் காலிபர் கட்டி நடக்கிற ஒரு பெண் இருந்தாள். அடுத்த வருடம் அவள் வகுப்பை இந்த அறைக்கு மாற்றுவதாகத் திட்டம்.

திறப்பு விழாவுக்கு அதிகாரி தேதி தர இழுத்தடித்தார். காத்திருக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஒரு திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் தலைவியை விட்டுப் பூட்டைத் திறக்கச் சொன்னேன். அவளுக்குச் சாவி சரியாகத் திரும்பவில்லை. "ஏட்டி, அந்தப் பக்கம் திருப்பு" என்று வெளியில் நின்ற பெண்கள் சத்தம் போட்டார்கள்.

பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். பெயிண்ட் வாசம். பெஞ்சு இன்னும் வரவில்லை. வெறும் தரை, புதுச் சுவர். யாரோ ஒருத்தி "டீச்சர்" என்று கூப்பிட, அறை அதைத் திருப்பிச் சொன்னது. எல்லோரும் ஒரு நொடி அசந்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைக் கத்திப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை கரும்பலகையில் தேதியை எழுதிவிட்டு, அடக்கலாமா விடலாமா என்று என் பக்கம் திரும்பினார்.

விடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு என் வகுப்புக்குப் போனேன். முதல் பாடவேளை முடிகிற வரைக்கும் பக்கத்துச் சுவரைத் தாண்டிப் பெயர்கள் கேட்டுக்கொண்டே இருந்தன.