தவமணி டீச்சருக்கு அறை கேட்ட றம்லத்

றம்லத் கண்டி நகரின் கொழும்பு வீதியில் ஒரு மாடிக் கடையில் விமானச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தாள். 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டபோது, குவைத் போகவிருந்த கலகெதர ஊர் ஹவ்வா உம்மா விமானம் ரத்தாகிப் பெட்டியோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

"மகள், நான் இப்ப யார்கிட்டப் போய்க் கேக்கிற?"

தான் விற்கும் சீட்டின் விதிகளை றம்லத் ஒருநாளும் படித்ததில்லை. அந்த வெட்கம் அவளை விடவேயில்லை. அதற்குப் பிறகு சீட்டின் பொடி எழுத்தையெல்லாம் அகராதியும் கையுமாகப் படித்தாள். 2005இல் ஐரோப்பாவில் விமானப் பயணிகளுக்கான 261ஆம் இலக்கப் புதிய சட்டம் வந்ததும் அதையும் அச்செடுத்து வைத்துக்கொண்டாள். "கண்டியில இருக்கிற நமக்கு இது என்னத்துக்கு?" என்று முதலாளி பளீல் சிரித்தார்.

2007இல் ஒரு பிற்பகல் தொலைபேசி அலறியது. அவளிடம் சீட்டு வாங்கி மகளைப் பார்க்கப் போயிருந்த கண்டி மஹய்யாவ தவமணி டீச்சர், பாரிஸ் விமான நிலையத்திலிருந்து.

"பிள்ளை, இந்தப் பிளேன் கம்பனியின்ர ஆக்கள் ஸ்ட்ரைக்காம்! மூண்டு நாள் கழிச்சு வரச் சொல்லுகினம். மகள் வீடு ரயில்ல ஆறு மணித்தியாலம். நான் எங்க போறது?"

றம்லத் அச்செடுத்து வைத்திருந்த தாள்களைப் பரபரவென்று புரட்டினாள்.

"டீச்சர், கவுன்டரை விட்டு அசையாதீங்க! ஸ்ட்ரைக் என்டாலும் தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்கதான் தரணும். வேற கம்பனி பிளேன்லயாவது சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்க. 261ஆம் சட்டம் என்டு கேளுங்க!"

"அது வெள்ளைக்காரருக்கெல்லோ?"

"இல்ல, அங்க இருந்து ஏறுற எல்லாருக்கும்!"

டீச்சர் தொலைபேசியை வைக்கவில்லை. வகுப்பறைக் குரலில் அவர் ஆங்கிலம் பேசுவது கண்டியில் தெளிவாகக் கேட்டது. யாரோ மறுத்தார்கள். டீச்சர் சட்டத்தின் இலக்கத்தை இன்னும் உரக்கச் சொன்னார். பிறகு கணினி விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. றம்லத் கதிரையை விட்டு எழுந்தே விட்டாள்.

"பிள்ளை, தாறாங்களாம்! ஹோட்டல், சாப்பாடு, நாளைக்கே வேற பிளேன்! எனக்குப் பின்னால நிண்ட எங்கட சனம் எட்டுப் பேரும் இப்ப கேக்கினம்!"

றம்லத் கூவிய கூவலில் கீழ்க்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று மேலே ஓடிவந்தார்.

டீச்சர் வீடு வந்து சேர்ந்ததும் இருவரும் அதே சட்டப்படி விமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டு எழுதினார்கள். வேலைநிறுத்தம் தங்கள் கையில் இல்லாத விஷயம் என்று நிறுவனம் இரண்டு தடவை கைவிரித்தது. "வேலையை நிறுத்தியது உங்கள் சொந்த ஊழியர்கள்தானே?" என்று மூன்றாவது கடிதத்தில் றம்லத் கேட்டாள். ஐந்தாம் மாதம் காசோலை வந்தது.

தொலைவிலுள்ள ஹேவாஹெட்ட ஊரிலிருந்துகூட ஆட்கள் அந்த மாடிப்படி ஏறத் தொடங்கினார்கள். பாதிப் பேர் சீட்டு வாங்க வரவில்லை, விமான நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி வாங்க வந்தார்கள்.