சாய்த்தால் சரியாகும் வண்டி

கடல் ஊருக்குள் வந்த அடுத்த வருடம் நான் பவுசர், அதாவது தண்ணீர்த் தாங்கி லொறி, ஓட்டினேன். முல்லைத்தீவுக் கரையோர முகாம்களுக்கு நாளுக்கு மூன்று நடை. வெளிநாட்டிலிருந்து வந்த புது லொறி அது. பழைய லொறிகளில் அக்சிலேட்டரிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கம்பி ஓடும்; அறுந்தால் கயிற்றைக் கட்டியாவது வீடு வந்து சேரலாம். இதில் கம்பியே கிடையாது. மிதிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஆறு மெல்லிய வயர்கள். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அவைதான் எஞ்சினுக்குச் சொல்லவேண்டும்.

அவை சொல்லாமல் விட்டதில் என் மானம் கப்பலேறியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி சோர்ந்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் முனகுமே தவிர வேகம் எடுக்காது. எஞ்சின் ஓட்டுநர் கபினுக்கு அடியில்; மெக்கானிக் வந்து கபினை முன்னால் சாய்த்து மிதியை அழுத்திப் பார்ப்பார். அப்போது மட்டும் எஞ்சின் நல்ல பிள்ளையாக உறுமும். மூன்றாம் தடவையும் இப்படி நடந்ததும் அலுவலக மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“வாகனத்தில பிழை இல்லை. உமக்குத்தான் ஓடப் பஞ்சி. இன்னொருக்கா நிண்டால் திறப்பை மேசையில வைச்சிட்டுப் போம்.”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சோம்பேறி என்றதும் கத்தினேன். கத்தியதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமையே, நிரப்பிய தண்ணீரோடு முள்ளியவளையில் வண்டி படுத்தது. ரேடியோவும் தண்ணீர்ப் பம்பு மோட்டரும் திருத்தும் ஒரு கடை வாசல். கடையை நடத்தியவர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். நான் லொறியை ஏசிய ஏச்சைக் கேட்டு வெளியே வந்தார். முழுக் கதையையும் அவரிடம் கொட்டினேன்.

“ஓடுறப்பதான் நிக்குதா அண்ணே?”

“ஓம், ஓடேக்க மட்டும்தான்.”

“அப்ப கபினச் சாய்ச்சுக்கிட்டா ஓட்டுனீங்க?”

பகிடி பண்ணுகிறார் என்று நினைத்துப் பொங்கினேன். பகிடி இல்லை. கபின் இருக்கவேண்டிய நிலையில் இருக்கும்போது ஒருவரும் சோதித்ததே கிடையாது.

கபினைச் சாய்க்கச் சொல்லி, வயர்கள் எஞ்சின் பக்கம் வந்து சேரும் இடத்தில் மீற்றரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். மிதியை நான் அழுத்த அழுத்த இரண்டு வயர்களில் மட்டும் வோல்ட் ஏறியது. ஒன்று எப்போதும் மற்றதின் பாதி. “லொறி செஞ்சவன் ரெண்டு சாட்சி வச்சிருக்கான்” என்றார். இந்த லொறியை அவர் அன்றுதான் பார்க்கிறார். ஒரு சாட்சி மாறிச் சொன்னால் எஞ்சின் இரண்டையும் நம்பாது என்பதை அங்கேயே, அந்த வெயிலில், கண்டுபிடித்தார்.

பிறகு கபினை இறக்கிப் பூட்டச் சொன்னார். ஸ்பீக்கர் வயரை நீளமாக வெட்டி, அந்த இரண்டில் ஒன்றோடு பொருத்தி, யன்னலால் உள்ளே எடுத்து, மீற்றரை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். “பள்ளமாப் பாத்து ஓட்டுங்க.” பள்ளத்துக்கா அந்த றோட்டில் பஞ்சம்? முதல் வயரில் முள் அசையவில்லை. இரண்டாவதுக்கு மாற்றினார். நாலாவது பள்ளத்தில் முள் பூச்சியத்துக்கு விழுந்தது, எஞ்சினும் படுத்தது. “விழுந்திருச்சு!” என்று அவர் கூவினார். வண்டி நின்றதற்காக நான் கைதட்டியது அன்று ஒருநாள்தான்.

கபினுக்குக் கீழே, வயர்கள் மடங்கும் இடத்தில், முற்றல் வெண்டிக்காய் பார்ப்பதுபோல விரலால் வளைத்து வளைத்துப் போனார். ஓரிடத்தில் வயர் தொய்ந்தது. வெளித்தோலில் கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு அறுந்திருந்தது. கபினைச் சாய்த்தால் அறுந்த முனைகள் ஒட்டிக்கொள்ளும், இறக்கி ஓடினால் பள்ளத்தில் விலகும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, சற்று நீளமாகப் புது வயர் வைத்து ஈயம் பற்றவைத்தார். வெட்டிய துண்டின் தோலை உரித்து, அறுந்த இடம் தெரியும்படி என் கையில் தந்தார்.

“அளந்து பாக்க முன்னமே என்னை நம்பினீங்கள்தானே, ஏன்?” என்று கேட்டேன்.

“வேலைக்குப் பஞ்சிப்படுற ஆள் தண்ணி நெரப்ப முன்னாடியே வண்டிய நிப்பாட்டிருவான். நீங்க நெரப்பிக்கிட்டுல்ல வந்து நின்னீங்க!”

முந்திய மூன்று தடவையும் அப்படித்தான். நிறைந்த வண்டியோடுதான் நின்றேன். ஒரு மாதம் தொண்டை கிழியக் கத்திய எனக்கு இது தோன்றவே இல்லை. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

அடுத்த நாள் வயர்த் துண்டை மேலாளரின் மேசையில் வைத்தேன். எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். பிறகு, கத்தாமல், அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். அதற்குத்தான் அவர் தலை குனிந்தது.